விமான மூட்டுகளில் அரிப்பு: கணினி மாதிரி தரும் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்?

வினா:
அலுமினியத் தகட்டில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் பொருத்திய ஒரு விமான மூட்டின் அரிப்பை ஃபைனைட் எலிமென்ட் முறையில் (வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) மாதிரியாக்கி வருகிறேன். மின்பகுளிக்குள் (உலோகங்களை நனைக்கும் உப்பு நீருக்குள்) மின்னழுத்தம் பரவுவதற்கு லாப்லாஸ் சமன்பாட்டையும், உலோகப் பரப்புகளுக்கு உப்பு நீரில் அளந்த முனைவாக்க வளைவுகளையும் (மின்னழுத்தத்துக்கு ஏற்ப அரிப்பு மின்னோட்டம் மாறுவதைக் காட்டுபவை) கொடுத்திருக்கிறேன். ஆணியை ஒட்டிய வளையத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஆம்பியர் அரிப்பு மின்னோட்டம் வருகிறது. மின்னோட்டத்தைக் கரையும் உலோகமாக மாற்றிச் சொல்லும் ஃபாரடே விதிப்படி அது ஆண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் அலுமினிய இழப்பு. இதை வைத்து ஆய்வு இடைவெளியை (மூட்டை எத்தனை காலத்துக்கு ஒருமுறை சோதிப்பது என்பதை) நிர்ணயிக்கலாமா?

மறுமொழி 1:
கணக்கு சரிதான், ஆனால் அந்த எண் ஆண்டு முழுவதும் மூட்டு நனைந்தே இருப்பதாகக் கொள்கிறது. மேலும், நீங்கள் அளந்த வளைவுகள் முகவை நிறைய நீரில் எடுத்தவை. மூட்டில் இருப்பதோ மெல்லிய நீர்ப்படலம். படலம் மெலியும்போது ஆக்சிஜன் எளிதில் எஃகை எட்டுவதால் கேத்தோடு வினை (எஃகின் மேல் ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்கும் வினை; அலுமினிய அரிப்பை இதுவே இழுக்கிறது) வேகமெடுக்கிறது, அதே வேளையில் கரைசலின் மின்தடை கூடி அரிப்பை ஆணியின் அருகிலேயே குவித்துவிடுகிறது. நனைந்திருக்கும் நேரத்தையும் மழையைக் கொண்டு கணக்கிடாதீர்கள். பரப்பில் படிந்த உப்பே காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீர்ப்படலமாகிவிடும்: சோடியம் குளோரைடு சுமார் 75% ஈரப்பதத்தில் இப்படிக் கசியத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மெக்னீசியம் குளோரைடுக்கோ 33% போதும்.

மறுமொழி 2:
பராமரிப்புப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். உங்கள் மாதிரியில் உலோகம் முதல் நாளே வெறுமையாக இருக்கிறது. உண்மையில் பிரைமரும் (அடிப்பூச்சு) சீலன்ட்டும் (இடுக்கை அடைக்கும் பசை) எப்போது விட்டுக்கொடுக்கும் என்பதே பாதிக் கேள்வி. ஒரு தகட்டின் மேல் மற்றொன்று படியும் மேலடுக்கு மூட்டுக்குள் அரிப்பால் உருவாகும் அலுமினிய ஹைட்ராக்சைடு, தின்ற உலோகத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். டார்ச் விளக்கைத் தகட்டின் மீது சாய்வாக அடித்துப் பார்த்தால், ரிவெட்டுகளுக்கு (தகடுகளை இணைக்கும் ஆணிகளுக்கு) இடையே தகடு தலையணை போல உப்பியிருப்பது தெரியும். அந்த உப்பல் ரிவெட் துளைகளில் ஏற்றும் தகைவு (உலோகத்துக்குள் எழும் இழுவிசை) உங்கள் 0.1 மில்லிமீட்டருக்குள் எங்கும் இல்லை. 1988 ஏப்ரலில் 89,680 பறப்புச் சுற்றுகள் (ஏறி இறங்கிய பறப்புகள்) கண்டிருந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் கூரை பிய்ந்தபோது, மூட்டின் ஒட்டு விடுபட்டதும், அரிப்பும், ரிவெட் துளைகளில் வரிசையாகக் கிளம்பிய களைப்பு விரிசல்களும் (திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் சுமையால் வருபவை) சேர்ந்தே வேலை செய்திருந்தன.

வினவியவர்:
அப்படியானால் இடைவெளியை விட்டுவிட்டு, எந்த மூட்டை முதலில் திறந்து பார்ப்பது என்று வரிசைப்படுத்த மட்டும் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
அதற்கு நன்றாகவே உதவும். படலத் தடிமனை 10 முதல் 1000 மைக்ரான் வரை மாற்றி ஓட்டிப் பாருங்கள். வரிசை மாறாவிட்டால் பராமரிப்புக் குழுவிடம் கொடுங்கள். மாறினால், முதலில் மெல்லிய படலத்திலேயே வளைவுகளை அளந்தாக வேண்டும்.