"இதைப் பத்தி யாரும் எழுதலையே"

சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரு சிறு பதிப்பகத்தின் அரங்கில் ஆறாண்டுகளாகப் பில் போட்டு வருகிறேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில், பொங்கல் விடுமுறை மாலையொன்றில், கல்லூரி மாணவி ஒருவர் அலைபேசியை நீட்டி, "இந்தப் புத்தகம் இருக்கா அண்ணா?" என்று கேட்டார். திரையில் தெரிந்தது எங்கள் சிறுகதைத் தொகுப்பு ஒன்று; ரயில் ஜன்னலோரம் யாரோ மடியில் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள், அட்டையின் ஓரத்தில் பாதி உரித்த ஆரஞ்சுப் பழம் இருந்தது. காலையிலிருந்து அதே ஆரஞ்சுப் பழப் படத்தைக் காட்டியவர்களில் அவர் ஒன்பதாவது ஆள். ஈராண்டுகளாகக் கீழ்த்தட்டில் முதுகு வெளுத்துக் கிடந்த அந்தப் புத்தகம் இரவு கடை கட்டுவதற்குள் தீர்ந்துபோயிற்று.

அதே எழுத்தாளரின் இரண்டாவது தொகுப்பு பக்கத்திலேயே இருந்தது. என் மதிப்பில் அதுதான் சிறந்தது. எடுத்து அந்த மாணவியிடம் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டியவர், "இதைப் பத்தி யாரும் எழுதலையே அண்ணா" என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எந்த அரங்குக்குப் போனாலும் அதே பத்து விழுக்காட்டுத் தள்ளுபடிதான். படித்து முடிக்காமல் நல்லது எது என்று தெரிய வழியில்லை. கையில் இருப்பதோ மாதச் செலவில் மிச்சம் பிடித்த பணம். அந்த நிலையில் தமக்கு முன்னால் படித்தவர்களின் சொல்லைத்தான் யாரும் பிடித்துக்கொள்வார்கள்.

மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை 14,000-க்கும் மேற்பட்டோரிடம் இணையத்தில் கொடுத்து, எட்டுத் தனித்தனி வட்டங்களில் இருந்தவர்களுக்கு மட்டும், தம் வட்டத்தினர் எதை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டியிருக்கிறார்கள். ஒரு வட்டத்தில் முதலிடம் பிடித்த பாடல் இன்னொன்றில் நாற்பதாம் இடத்தில் கிடந்ததாம். எனக்கு எங்கள் கீழ்த்தட்டுதான் நினைவுக்கு வந்தது.

இதைப் படித்த ஒரு வாசகி எழுதிய பதில்:

அப்படிப் படம் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் கொண்ட வாசிப்புக் குழுவை நடத்தும் பள்ளி ஆசிரியை. நான் எழுதிய ஐந்து வரி எங்கெங்கோ கைமாறிப் போய், நான் பார்த்தே இராத ஊர்களிலிருந்து ஆர்டர் வந்ததாகப் பதிப்பாளர் ஒருவர் சொன்னார். அதன் பிறகு இலவசப் பிரதிகள் வரத் தொடங்கின. ஒரு பதிப்பகம், புத்தகம் என் கைக்கு வருமுன்பே, என் பெயரில் போட வேண்டிய பாராட்டையும் எழுதி அனுப்பியிருந்தது. என்னை நம்பி வாங்குகிறவர்கள் சக ஆசிரியர்களும் மாணவர்களின் அம்மாக்களும். அவர்கள் பணத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் மறுத்துவிட்டேன். அன்று முதல் விலைக்கு வாங்கி, முழுவதும் படித்த பிறகே எழுதுகிறேன்.

அந்த இரண்டாவது தொகுப்பு இன்னும் இருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் ஐயா. பணம் அனுப்பிவிடுகிறேன், பிடித்திருந்தால் குழுவில் எழுதுகிறேன்.