இடது பட்ஸில் மட்டும் சத்தம் கம்மி – பட்ஸ் போச்சா?

கேள்வி (ராகமாலிகா): வயர்லெஸ் பட்ஸ், வாங்கி எட்டு மாசம். இடது பக்கம் சத்தம் பாதிதான், பாஸ் (கனமான அடிச் சத்தம்) சுத்தமா இல்லை. ரீசெட் பண்ணியாச்சு. புதுசு வாங்கணுமா?

வால்வு ரேடியோ: அவசரப்படாதீங்க. முதல்ல போன் செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டிக்குள்ள ஆடியோ பேலன்ஸ் நடுவுல இருக்கான்னு பாருங்க. அப்புறம் இடது பட்ஸை வலது காதுல பிடிச்சுக் கேளுங்க. அங்கயும் கம்மின்னா பட்ஸ்லதான் கோளாறு; சரியா கேட்டா உங்க இடது காதுல அழுக்கு அடைச்சிருக்கலாம்.

பட்ஸ்னா, ரப்பர் டிப்பைக் கழட்டி வெளிச்சத்துல வலையைப் பாருங்க. மஞ்சளா படிஞ்சிருக்கும். வலை கீழ்நோக்கி இருக்கிற மாதிரி பிடிச்சு, காய்ந்த மென்மையான டூத்பிரஷால லேசா தேய்ங்க. மேல்நோக்கிப் பிடிச்சா அழுக்கு டிரைவர் (உள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கர்) மேலயே விழும். ஊசி வேண்டவே வேண்டாம், வலை கிழிஞ்சிடும். டிப்பை மட்டும் சோப்புத் தண்ணில கழுவி, நல்லா உலர்ந்த பிறகு மாட்டுங்க.

செவிச்செல்வம்: பாஸ் மட்டும் போச்சுன்னா டிப் சைஸும் காரணமா இருக்கும். காத்து கசிஞ்சா முதல்ல போறது பாஸ்தான். ரெண்டு காதுக்கும் ஒரே சைஸ் பொருந்தணும்னு இல்லை.

காதுக்குள்ள பஞ்சுக் குச்சி விடாதீங்க, அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிடும். அடைப்பு, வலி, சீழ் எது இருந்தாலும் காது மூக்கு தொண்டை டாக்டர். செவிப்பறைல ஓட்டை இருக்கலாம்னா எண்ணெய், சொட்டு மருந்து எதுவும் ஊத்தக் கூடாது.

வால்வு ரேடியோ: இன்னொண்ணு, ஒரு பக்கம் கம்மின்னு வால்யூமை ஏத்திடாதீங்க, நல்ல காது வாங்கிக் கட்டிக்கும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல் சத்தம்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும்தான் பாதுகாப்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்.