16 வயதுப் பையனுக்கு ஸ்கூட்டர் கொடுக்கலாமா?

ப்ளஸ் ஒன் படிக்கும் மகன் டியூஷனுக்கு வண்டி கேட்கிறான். வீட்டில் 110 சிசி ஸ்கூட்டர் இருக்கிறது. 16 வயதிலேயே எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?

கோவைக்காரன்:
கிடைக்கும், ஆனால் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லாத வண்டிக்கு மட்டும்தான். அதற்கும் பெற்றோர் எழுத்துபூர்வமாகச் சம்மதம் தரவேண்டும். உங்கள் 110 சிசி வண்டியை ஓட்ட 18 ஆகவேண்டும் சார்.

செல்வி அக்கா:
தயவுசெய்து கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள், சிறுவன் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரும் வண்டி உரிமையாளரும்தான் குற்றவாளி, 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து, அப்புறம் பையனுக்கு 25 வயது வரை லைசென்சே கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியும் அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை உங்களிடமே வசூலிக்கலாம். எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் ஒரே வண்டியில், ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள், பார்க்கவே வயிறு கலங்குகிறது.

கேட்டவர்:
25 வயது வரை என்பது தெரியாது அக்கா. எலக்ட்ரிக் வண்டி என்றால்?

கோவைக்காரன்:
250 வாட்டுக்குள், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம். அதற்கு மேல் ஓடும்படி கடையில் மாற்றித் தந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனம், வாங்காதீர்கள். டியூஷன் பக்கத்திலேயே இருந்தால் சைக்கிளே போதும்.