நாற்றை வைக்கும் முன் கண்ணாடியைக் கழுவுங்கள்

லண்டனில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு மார்ச் பிறந்தாலே கை துறுதுறுக்கும். மிளகாயும் கத்தரியும் அதற்குள் ஜன்னலோரம் முளைத்திருக்கும். எப்போது கண்ணாடிப் பசுமைக்குடிலுக்கு மாற்றலாம் என்ற அவசரத்தில் குடிலைக் கழுவும் வேலையைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் வேலையே அதுதான்.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்துப் பாத்தி வைத்திருந்த ஆங்கிலேயப் பெரியவர். ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, குடிலின் அலுமினியச் சட்டத்தின் மூலையைப் பார்க்கச் சொன்னார். மிளகாய்ப்பொடி சிந்தியது போல் செம்புள்ளிகள். எல்லாம் சிலந்திப்பேன்! கோடையில் வெளிறிய பச்சையாக இருக்கும் பெண் பேன்கள் குளிர்காலத்தில் செந்நிறமாகி, இடுக்குகளில் ஒடுங்கிக் கிடக்குமாம். வெயில் ஏறியதும் இறங்கி வந்து இளம் இலையின் சாற்றை உறிஞ்சும். கத்தரி என்றால் அதற்கு உயிர்.

அன்றிலிருந்து இடுக்குகளில்தான் என் கவனம். தொட்டி, தட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரால் சட்டத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பேன். இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் பச்சைப் பாசி கோடாகப் பிடித்திருக்கும். செடிப்பெயர் எழுதும் பிளாஸ்டிக் பட்டையை உள்ளே விட்டு இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். இங்கே மார்ச்சில் கிடைப்பதே கொஞ்சம் வெளிச்சம். அதையும் பாசி மறைத்தால் நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும்.

அப்புறம் குடிலின் கூரையில் இருக்கும் ஜன்னல். வெளியே ஸ்வெட்டர் போடும் குளிராக இருந்தாலும், நல்ல வெயிலில் உள்ளே 30 டிகிரியைத் தாண்டும். வேலைக்குப் போகிறவர்கள் தானாகத் திறக்கும் கருவியை மாட்டிக்கொள்ளுங்கள். அதன் குழாயில் மெழுகு இருக்கிறது. சூட்டில் அது விரிந்து ஜன்னலைத் தள்ளும், ஆறினால் தானே மூடிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம்.

இரவுக் குளிருக்கு உள்பக்கம் குமிழ் உறை (பொருள்களைப் பொதிகிற பபிள் ராப்) ஒட்டுவது நல்லது. ஆனாலும் ஏப்ரல் வெயிலை நம்பி எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள், மே மாதத்திலும் சில இரவுகளில் உறைபனி விழும். நான் தக்காளியை மட்டும் மே மாதத்துக்கு முன்பே குடிலுக்குள் வைத்து, குளிர் இரவுகளில் துணி போர்த்துகிறேன். கறிவேப்பிலைத் தொட்டியை ஜூன் வரை வீட்டைவிட்டு நகர்த்துவதில்லை.