மேடையில் அழுகிறவள் வீட்டில் அழுதால் நம்புவீர்களா?

திரைச்சீலை:
11 வருடமாக நாடகத்தில் நடிக்கிறேன். சினிமா இல்லை, பெரிய பேரும் இல்லை. 200 பேர் உட்காரும் அரங்கம்தான். இப்போது போய்க்கொண்டிருக்கும் நாடகத்தில், கடைசிக் காட்சியில், செத்துப்போன அப்பாவின் சட்டையை மடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு, காலரை நீவிவிட்டு. நான்காவது பொத்தானில் அழுகை வர வேண்டும். வந்துவிடும். விரல் அந்த இடத்துக்குப் போனாலே கண் நிறைந்துவிடுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

போன வாரம் இரண்டு விஷயம் நடந்தது. நாடகம் முடிந்து, ஒப்பனையைக் கலைத்துவிட்டு ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். நாடகம் பார்த்த ஒருவர் வந்து, தோளில் கையைப் போட்டு, போனை நீட்டி, "அந்த சட்டை சீன்ல அழுவீங்களே, அப்படியே ஒரு தடவை" என்றார். கையை எடுத்துவிட்டு, "வேலை முடிஞ்சிடுச்சுங்க" என்றேன். ராத்திரியே எழுதிவிட்டார்: மேடையில்தான் உருக்கமாம், நேரில் கல்லாம்.

இரண்டு நாள் கழித்து வீட்டில் வாக்குவாதம். நிஜமாகவே அழுதுவிட்டேன். கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இது எத்தனாவது பொத்தான்?" என்றார்.

முதல் ஆளை மறந்தாயிற்று. இரண்டாவதுதான் தொண்டையில் நிற்கிறது. இரண்டு பேரும் செய்தது ஒரே தப்பா, வேறு வேறா?

கடைசிவரிசை:
தோள்ல கை போட்டது தப்பு, அதுல பேச்சே இல்ல. ஆனா "வேலை முடிஞ்சிடுச்சு"ன்னு சொல்ற உரிமை எல்லாருக்கும் ஒரே மாதிரி உண்டான்னு கேக்குறேன். உங்களுக்கு உண்டு மேடம், நீங்க டிக்கெட்டுக்கு நாடகம் குடுத்தீங்க, கணக்கு முடிஞ்சுது. இன்னைக்குப் பிரபலங்க விக்கிறது பாட்டும் நடிப்பும் மட்டுமா? தூங்கி எழுந்த முகம், குழந்தையோட ஸ்கேன், அம்மா ஆஸ்பத்திரில படுத்திருக்கிற போட்டோ. லைவ்ல வந்து "நீங்கதான் என் குடும்பம்"னு கண்ணு கலங்குறாங்க. குடும்பம்னு கூப்பிட்டா குடும்பக்காரன் வந்து நிக்கத்தான் செய்வான்.

1956லயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல்னு ரெண்டு பேர் டிவி, ரேடியோ பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க. நேருக்கு நேரா நம்மகிட்ட பேசுற மாதிரி பேசி, பக்கத்துல இருக்கிறவரை வீட்டு ஆள் மாதிரி கிண்டல் பண்ணி, பாக்குறவனையும் அந்த வட்டத்துக்குள்ள இழுத்துப் போடுற வித்தையை அப்பவே புட்டுப் புட்டு வெச்சாங்க. பாராசோஷியல்ங்கிற பேரு அங்கிருந்து வந்ததுதான். ஒருதலை நெருக்கம்னு வெச்சுக்கலாம். அப்படித் தோணணும்னு திட்டம் போட்டுக் கட்டின நெருக்கம் அது, ரசிகனா இட்டுக்கட்டினதில்ல. வித்துட்டு, வாங்கினவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறப்ப திருட்டுப் பட்டம் கட்டாதீங்க.

நடுராத்திரி ஷிஃப்ட்:
நண்பா, சரக்கை விற்றவர் கடையையே எழுதிக் கொடுத்துவிட்டதாக அர்த்தமா? 2024 ஆகஸ்டில் அமெரிக்கப் பாடகி சாப்பல் ரோன் வெளிப்படையாகச் சொன்னார்: மேடையில் இருந்தால், பேட்டி கொடுத்தால், வேலை நிகழ்ச்சிக்கு வந்தால் நான் வேலையில் இருக்கிறேன்; மற்ற நேரம் வேலையில் இல்லை. அவ்வளவுதான். "புகழ் வேணும், ரசிகன் வேண்டாமா?" என்று ஒரு கூட்டமே பாய்ந்தது. இதையே ஒரு பல் டாக்டர் சொல்லியிருந்தால் யாராவது பாய்ந்திருப்பார்களா? கல்யாண வீட்டில் அவரிடம் வாயைத் திறந்து காட்டுகிறவர்களும் உண்டு, அது வேறு கதை.

நான் 6 வருடம் வாடிக்கையாளர் சேவையில் இருந்தேன். "குரல்ல சிரிப்பு கேக்கணும்" என்பார் மேனேஜர். ஒவ்வொருவர் மேசையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. பேசும்போது வாய் சிரிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள. ஆர்லி ஹோக்சைல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களை வைத்து இதைப் பற்றித்தான் புத்தகம் எழுதினார். முகத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் நடிப்பு ஒன்று. கத்துகிற பயணியைப் பயந்துபோன குழந்தை என்று நினைத்து, உள்ளுக்குள்ளேயே இரக்கத்தை வரவழைத்துக்கொள்ளும் நடிப்பு இன்னொன்று. என்னைத் தின்றது இரண்டாவதுதான். நீண்ட பயணம் முடிந்து இறங்கிய பிறகும் அந்த உற்சாகத்தை விட்டு வெளியே வர முடியவில்லை என்று ஒரு பணிப்பெண் அதில் சொல்கிறார். நான் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். ஒருநாள் விடியற்காலை அம்மா போன் செய்தபோது, வைக்கும் முன், "பொறுமையாகக் காத்திருந்ததற்கு நன்றி" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "டேய், நீதானா பேசுற?" என்றாள்.

அதனால் திரைச்சீலை, உங்கள் கணவர் கேட்டது கொடுமை. ஆனால் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் அதையேதான் கேட்டாள்.

சும்மாவந்தேன்:
பரிசுப் பொட்டலத்தைப் பிரிச்சதும் "ஐ, எனக்குப் பிடிச்ச கலர்"னு ஒரு தடவைகூட நடிக்காத தம்பதி யாராவது இருந்தா கையத் தூக்குங்க. நான் தூக்கல.

பழம்பாயிரம்:
அம்மா, தங்கள் கணவர் கேட்ட கேள்வியைக் கோவலன் முன்பே கேட்டுவிட்டான். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் அவன் யாழை வாங்கிக் காவிரியை முன்னிட்டுக் காதல் பாட்டுப் பாடுகிறான். இவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறதோ என்று மாதவிக்கு ஊடல். 'தானும் ஓர் குறிப்பினள் போல்', தன் மனமும் வேறொருவனிடம் இருப்பதுபோல், பதிலுக்குப் பாடுகிறாள். இளங்கோவடிகள் வைத்த அந்தப் 'போல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவன் காதில் அது மட்டும் விழவில்லை. எழுந்து போய்விட்டான்.

எனக்கு அதைவிடக் கனமாகப்படுவது வேனிற்காதை. மாதவி மடல் எழுதி வசந்தமாலையிடம் கொடுத்து அனுப்புகிறாள். அவன் வாங்க மறுக்கிறான். அவள் தன்னிடம் காட்டிய நெருக்கம், பிணக்கு, பிரிவில் பட்ட துன்பம், ஒவ்வொன்றையும் எடுத்து, இது இன்ன வரிக்கூத்து, இது இன்ன வரிக்கூத்து என்று நடிப்புக் கூத்து வகைகளின் பெயர் ஒட்டுகிறான். முடிவில், 'ஆடல் மகளே ஆதலின்' இதெல்லாம் அவளுக்குக் கைவந்தது என்கிறான். கூடி வாழ்ந்த காலம் அத்தனையும் ஒரே வரியில் நடிப்பாகிவிட்டது. மணிமேகலையை எந்த வரியில் சேர்ப்பான் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

கலை தெரிந்தவள் என்பதற்காகவே அவள் கண்ணீருக்குச் சாட்சி கேட்கிறார்கள். பாத்திரம் செய்கிற கைக்கு வீட்டில் தண்ணீர் மொள்ளும் உரிமை இல்லையா?

கடைசிவரிசை:
ஐயா, அருமை. ஆனா அதே கதையை இந்தப் பக்கமா நின்னு பாருங்க. ரெண்டு பேருமே பேச வேண்டியதைப் பாடினாங்க. "உன் மனசுல யாரு?"ன்னு அவளும் கேக்கல, "இந்தப் பாட்டு யாருக்கு?"ன்னு அவனும் கேக்கல. நெருங்கின ஆள்கிட்ட வித்தையைக் காட்டினா அவன் வித்தையாத்தான் பாப்பான். கலைக்காரங்க வீட்டுக்குள்ள நுழையும்போது அதைக் கழட்டி வெச்சுட்டு வரணும்.

ரெண்டாவதுடேக்:
கழட்டி வைக்கலாம். வீட்டுக்குள்ளேயே கேமரா இருந்தால்?

நான் முன்பு சேர்ந்து வாழ்ந்தவர் எங்கள் வாழ்க்கையை வீடியோவாகப் போடுவார். என் பிறந்தநாள் அன்று ராத்திரி 12 மணிக்கு அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே நண்பர்கள் எல்லாரும் இருந்தார்கள். எனக்குச் சுத்தமாகத் தெரியாது, கத்தியே விட்டேன். ஆனால் ரெக்கார்டிங் பட்டனை யாரோ அழுத்தவில்லை. "ப்ளீஸ், வெளிய போய் மறுபடி வா. அதே மாதிரி வாயைப் பொத்து" என்றார். போனேன். கதவுக்கு வெளியே நின்று, கையை எந்த உயரத்தில் வைத்தேன் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. மறுபடி வந்தேன், பொத்தினேன். அந்த வீடியோவின் கீழே எத்தனை பேர் "இதுதான் உண்மையான அன்பு" என்று எழுதினார்கள்!

இன்றைக்கு எனக்கு நினைவில் இருப்பது அந்த இரண்டாவது தடவைதான். முதல் தடவை என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. "நான் ரொம்ப ஓப்பன்" என்பதுதான் அவர் பெருமையே. நான் அனுப்பிய மெசேஜை நண்பர்களுக்குப் படித்துக் காட்டுவார். கேட்டால், "மறைக்க என்ன இருக்கு?" கடைசிவரிசை, நெருக்கத்தை விற்றார்கள் என்கிறீர்கள். நான் எதையும் விற்கவில்லை. என் பங்கையும் சேர்த்து அவர் விற்றார்.

பழம்பாயிரம்:
அகத்திணைப் பாட்டில் 'சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்' என்று தொல்காப்பியம் விதித்தது நினைவுக்கு வருகிறது. போரைப் பாடினால் பெயர் சொல்லலாம், ஊர் சொல்லலாம். காதலைப் பாடும்போது தலைவன், தலைவி, அவ்வளவே.

கடைசிவரிசை:
அது செய்யுள் மரபு ஐயா, பிரைவசி சட்டம் இல்லையே.

பழம்பாயிரம்:
சட்டம் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தங்கையின் கதையைப் படித்ததும் அந்த விதியின் அருமை புரிந்தது, அவ்வளவுதான்.

நடுராத்திரி ஷிஃப்ட்:
கடைசிவரிசை, "குடும்பக்காரன் வந்து நிப்பான்" என்று எழுதினீர்கள். 1989இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரெபெக்கா ஷாஃபர் என்ற 21 வயது டிவி நடிகையின் வாசலில் அப்படி ஒருவன் வந்து நின்றான். பல வருட ரசிகன். வாகனப் பதிவுத் துறையில் இருந்த அவர் முகவரியை ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம் எடுத்துக்கொண்டு வந்து, அழைப்பு மணியை அழுத்தினான். கதவைத் திறந்தவரைச் சுட்டுக் கொன்றான். படம் ஒன்றில் அவர் படுக்கைக் காட்சியில் நடித்ததைப் பார்த்து அவனுக்குக் கோபமாம். பாத்திரம் செய்ததற்கு ஆள் உயிரைக் கொடுத்தாள். ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதே குற்றம் என்று கலிஃபோர்னியா 1990இல் சட்டம் போட்டது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் அப்படி முதல் சட்டம் அது.

கடைசிவரிசை:
கொலைகாரனையும் ரயிலடில நின்னவனையும் ஒரே தராசுல வெக்காதீங்க. அந்த வரியை நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது, சரி. ஆனா என் பக்கத்தையும் சொல்லிடறேன்.

அப்பா ஐசியூல 40 நாள் இருந்தார். ராத்திரி முழுக்க வெளிய பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்திருப்பேன். ஒருத்தர் நடுநிசில லைவ் போவார். பெரிசா ஒண்ணும் பேச மாட்டார், பழைய பாட்டு, நடுவுல ரெண்டு வார்த்தை. "இந்நேரத்துக்கு முழிச்சிருக்கிற உங்களுக்கு என்ன கஷ்டமோ தெரியாது, நான் இருக்கேன்" என்பார். ஒரு காதுல மானிட்டர் பீப், இன்னொரு காதுல அவர். அப்பா போன அன்னைக்கும் அவர் குரல்தான் ஓடிட்டிருந்தது.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு நிகழ்ச்சில நேர்ல பாத்தேன். செல்ஃபிகூடக் கேக்கல. "சார், எங்கப்பா"ன்னு ஆரம்பிச்சேன். போனைப் பாத்துட்டே தலையாட்டிட்டு நகந்துட்டார். அவர் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும், ஒரு நாளைக்கு எத்தனை அப்பா கதை கேப்பார். ஆனா "நான் இருக்கேன்"னு சொன்னது யாரு? அதுக்கு "வேலை முடிஞ்சுது"ன்னு ரெண்டே வார்த்தைல பதில் சொன்னா எனக்கு வலிக்குது.

சும்மாவந்தேன்:
சிரிக்கலாம்னு வந்தேன் அண்ணே. விடுங்க.

திரைச்சீலை:
கடைசிவரிசை, அந்த 40 ராத்திரி பொய்யில்லை. அவர் யாரையும் நினைக்காமல் சொன்னார், நீங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டு கேட்டீர்கள். அதில் பாதிக்கு மேல் நீங்கள் செய்ததுதான். என் நாடகத்திலும் அப்படித்தான். நான் சட்டையைத்தான் மடிக்கிறேன். பார்க்கிறவர்கள் அவரவர் அப்பாவை அதில் போட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் உங்கள் வலி நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் நிமிர்ந்தாவது பார்த்திருக்கலாம்.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்தது இது. ரயிலடி ஆள் கேட்டது அவருக்கு உரிமையில்லாத ஒன்றை. கணவருக்கு உரிமை உண்டு. சந்தேகப்படக்கூட உண்டு. "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சந்தேகப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒரே தப்பு இல்லை.

ஒன்றை மறைத்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வாக்குவாதத்தில் நான் ஓர் இடைவெளி விடுவேன். மூன்று நொடி, கண்ணை எடுக்காமல். மேடையில் கற்றது. வீட்டிலும் அது வேலை செய்கிறது என்று தெரிந்தேதான் விடுகிறேன். அவர் அதை எத்தனையோ தடவை பார்த்திருப்பார்.

ரெண்டாவதுடேக்:
அவரிடம் இதைச் சொன்னீர்களா?

திரைச்சீலை:
இன்னும் இல்லை. நேற்றைய காட்சியில் நான்காவது பொத்தானில் அழுகை வரவில்லை. விரல் அங்கே போனதும் அவர் கேட்ட கேள்விதான் காதில் விழுந்தது. ஐந்து, ஆறு, எல்லாம் போட்டாயிற்று. மடித்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இயக்குநர் ஓடி வந்து, பிரமாதம், இனிமேல் தினமும் இப்படியே பண்ணு என்கிறார்.