கோஸ் புழு சாகவில்லை, மருந்துக்குப் பழகிவிட்டதா?

கோஸ்காட்டுக்காரன்:
ஒன்றரை ஏக்கர் கோஸ், நட்டு 35 நாள். இலையில் ஒரு பக்கத் தோல் மட்டும் மிஞ்சிக் கண்ணாடி மாதிரி இருக்கிறது, தொட்டால் புழு நூல் விட்டுத் தொங்குகிறது, வைரமுதுகுப் பூச்சியேதான். நேற்று குளோரான்ட்ரனிலிப்ரோல் அடித்தேன், இன்றும் புழு உயிரோடு இருக்கிறது. போன தடவை ஃப்ளூபெண்டியமைடு, அதற்கு முந்தி இதே மருந்து. கடையில் அளவைக் கூட்டச் சொல்கிறார்கள், கூட்டலாமா?

மலைத்தோட்டம்:
கூட்டாதீங்க அண்ணா. இந்த மருந்தில் புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்திவிடும், சாக 2, 3 நாள் ஆகும். ஒரே நாளில் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஒட்டும் திரவம் கலந்தீங்களா? கோஸ் இலை மெழுகு, தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும்.

கோஸ்காட்டுக்காரன்:
கலந்தேன் தம்பி.

பூச்சியியல் மாணவி:
அண்ணா, பூச்சிமருந்துகளை அவை தாக்கும் விதத்தை வைத்து எண் போட்டுக் குரூப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் மாற்றி அடித்ததாக நினைக்கும் இரண்டும் 28ஆம் குரூப்தான், பெயர்தான் வேறு, புழுவின் தசையில் தாக்கும் இடம் ஒன்றே. தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் இந்தக் குரூப் வந்த சில வருடத்திலேயே இதே புழு, மருந்து தாக்கும் அந்த இடத்தின் அமைப்பையே மாற்றிக்கொண்டு தப்பித்தது. சோதித்துப் பாருங்கள். மருந்து படாத கோஸ் இலைத் துண்டுகளை லேபிள் அளவுக் கரைசலில் 10 விநாடி முக்கி, நிழலில் உலர்த்தி, பிளாஸ்டிக் கப்பில் போட்டு, ஒரே பருமனுள்ள நடுத்தரப் புழு 20 விடுங்கள். இன்னொரு கப்பில் வெறும் தண்ணீரில் முக்கிய இலை. இந்தத் தண்ணீர்க் கப்தான் முக்கியம், அதிலும் நாலைந்து செத்தால் சோதனையே தப்பு. 4ஆம் நாள் தூரிகை நுனியால் தொட்டு எண்ணுங்கள், நகர முடியாதது செத்த கணக்கு. இனக்கவர்ச்சிப் பொறி எத்தனை அந்துப்பூச்சி வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், மருந்துக்குப் பழகிவிட்டதா என்பதைச் சொல்லாது.

கோஸ்காட்டுக்காரன்:
பார்த்தாச்சும்மா. தண்ணீர்க் கப்பில் 1 செத்தது. மருந்துக் கப்பில் 9 புழு நன்றாக ஊர்கிறது.

பூச்சியியல் மாணவி:
அப்படியானால் புழு பழகிவிட்டது, இந்தப் போகத்துக்கு 28ஆம் குரூப்பை விட்டுவிடுங்கள் அண்ணா. அடுத்த தலைமுறைப் புழுவுக்கு வேறு குரூப்பான ஸ்பினோசாட், அதற்கடுத்து பிடி (Bt) என்ற பாக்டீரியா மருந்து. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இதே கப் சோதனை. பக்கத்துக் காட்டிலும் கோஸா? அவர்களும் 28தான் அடிக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள், அங்கிருந்து பறந்து வருவதும் உங்கள் இலையில்தான் முட்டை வைக்கும்.