பெரிய வீடு குரூப்: நாலு வாண்டும் ஒரு மாச லீவும்

கோமதி அக்கா: திங்கக்கிழமை நாலு வாண்டும் இங்க வந்திறங்குது. முழுசா ஒரு மாசம். போன வருஷம் மாதிரி ஆளுக்கொரு போனோட மூலைக்கொண்ணா உக்காந்தா வைஃபையைப் பிடுங்கிடுவேன். என்ன பண்ண வைக்கலாம்னு இப்பவே சொல்லுங்க

பிரியா: அண்ணி, டைம்டேபிள் போட்டு வச்சிருக்கேன்

பிரியா: [படம்]

மீனா: காலைல 6 மணிக்கு அபாகஸா!

செந்தில்: நான் இதுல தலையிடல

கோமதி அக்கா: இது லீவா, பரீட்சையா பிரியா

ராமு அண்ணன்: டைம்டேபிள் தப்பில்ல. அரை மணிக்கு ஒண்ணுன்னு மாத்துறதுதான் தப்பு. எதுலயும் கை பழகாது, மூணாம் நாளே கிழிஞ்சிடும். ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பெரிய வேலை போதும். முடிஞ்சா கண்ணுக்குத் தெரியுற மாதிரி வேலையா இருக்கணும். காலைல ஒண்ணரை மணி நேரம் அதுக்கு. மிச்ச நேரத்தை சும்மா விடுங்க. "போரடிக்குது"ன்னு வந்து நின்னா உடனே எதையும் கையில குடுக்காதீங்க. கொஞ்ச நேரம் சுத்திட்டு அதுங்களே ஏதாவது ஆரம்பிக்கும்

மீனா: அகிலுக்கு சைக்கிள் அண்ணா. 6 வயசாச்சு, இன்னும் சைடு வீல்தான்

ராமு அண்ணன்: முதல்ல அந்த சைடு வீலைக் கழட்டு. வண்டி திரும்பும்போது உள்பக்கமா சாயணும், அது சாய விடாது. பிள்ளை வெளிப்பக்கம் சாயப் பழகிடும். கூடவே பெடலையும் கழட்டிடு

மீனா: பெடலையுமா??

ராமு அண்ணன்: ரெண்டையும். பெரும்பாலும் 15 எம்எம் ஸ்பேனர் சேரும். வலது பெடல் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினா கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுத்துற பக்கமே திருப்பணும். இது தெரியாம பலத்தைக் காட்டினா மரை போயிடும், அப்புறம் பெடல் மாட்டுற கை, அந்த கிராங்கையே மாத்தணும். சீட்டை இறக்கு, ரெண்டு பாதமும் தரையில முழுசா பதியணும். லேசான சரிவுல காலால உந்திக்கிட்டே போகட்டும். சீட்டைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி ஓடாத, நீ பிடிச்சிருந்தா அது உன் பேலன்ஸ். காலைத் தூக்கிட்டு பத்து எண்ணுற வரைக்கும் உருண்டான்னா பெடலை மாட்டு. சீட்டை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கலாம்

மீனா: பிரேக்?

ராமு அண்ணன்: பெடலுக்கு முன்னாடியே பிரேக் பழகணும். முன் பிரேக்கை மட்டும் சட்டுனு பிடிச்சா குப்புற விழுவான். சின்ன விரலுக்கு லீவர் எட்டுதான்னு பாரு. எட்டலன்னா, நிறைய வண்டில லீவர்கிட்ட ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும், முறுக்கினா கிட்ட வரும். டயர்ல காத்து குறைஞ்சிருந்தா உருளவே உருளாது. ஹெல்மெட் புருவத்துக்கு மேல ரெண்டு விரக்கடை, அதுக்கு மேல ஏறக்கூடாது

கோமதி அக்கா: ஸ்பேனர் யாரு கொண்டு வர்றது

செந்தில்: ராமு அண்ணன்கிட்ட செட்டே இருக்கே

ராமு அண்ணன்: அந்த செட்டு உன் வீட்ல இருக்கு. கேரம் போர்டோட

மீனா: ஆரம்பிச்சாச்சு

செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி அக்கா: என்னடா எழுதி அழிச்ச

பிரியா: போர்டு பத்திரமா இருக்கு அண்ணி, பீரோவுக்குப் பின்னாடி

ராமு அண்ணன்: சாய்ச்சா வச்சிருக்கீங்க! வளைஞ்சிருக்கும். ஒரு நேரான கம்பை மூலைக்கு மூலை வச்சுப் பாருங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா போச்சு. காய் 19 இருக்கான்னும் எண்ணுங்க. 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு சிவப்பு

செந்தில்: 17

பிரியா: அதை விடுங்க மாமா. வருணுக்கு வாய்ப்பாடு நிக்கவே மாட்டேங்குது, அதுக்குத்தான் அபாகஸ் போட்டேன்

ராமு அண்ணன்: ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் 100 பெருக்கல். 3×7-ம் 7×3-ம் ஒண்ணுதானே, அப்ப 55 தான். 1, 2, 5, 10 அவனுக்கே வரும், அதையும் கழிச்சா மிஞ்சுறது 21. அவ்வளவுதான் மனப்பாடம். 21 அட்டை வெட்டு, முன்னாடி கணக்கு, பின்னாடி விடை. மூணு டப்பா. சரியா சொன்னா அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்புன்னா எங்க இருந்தாலும் முதல் டப்பாவுக்கு. முதல் டப்பா தினமும், ரெண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூணாவது வாரம் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 3 புது அட்டைக்கு மேல வேண்டாம், பத்து நிமிஷத்துல நிறுத்திடு. வரிசையா ஒப்பிக்க விட்டா 7×8 கேட்டதும் 7×1-ல இருந்து ஓட ஆரம்பிப்பான்

பிரியா: 21 தானா!

கோமதி அக்கா: டப்பா என்கிட்ட இருக்கு

விஷ்ணு: பெரியப்பா எனக்கு எதுவும் வேண்டாம் ப்ளீஸ்

கோமதி அக்கா: நீ எப்படா இந்த குரூப்புக்கு வந்த

விஷ்ணு: அப்பா சேத்தாரு அத்தை

ராமு அண்ணன்: விஷ்ணு, நீயும் நித்யாவும் குச்சி நட்டு வடக்கு கண்டுபிடிங்க

விஷ்ணு: போன்லயே காட்டுமே

ராமு அண்ணன்: போன்ல இருக்கிற காந்த சென்சார் காட்டுறது காந்த வடக்கு. நிழல் காட்டுறது உண்மை வடக்கு, அதாவது வட துருவம் இருக்கிற திசை. ரெண்டுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம்னு அளந்து சொல்லு பாப்போம். சமதரையில அரை மீட்டர் குச்சி, நூல்ல கல்லு கட்டித் தொங்கவிட்டு நேரா நிக்குதான்னு பாரு. காலை 9 மணி வாக்குல நிழல் நுனி எங்க இருக்கோ, அந்த நீளத்துக்கு குச்சியைச் சுத்தி வட்டம் போட்டு, நுனியில குறி வை. சாயங்காலப் பக்கம் நுனி திரும்ப அதே வட்டத்தைத் தொடும், அங்க இன்னொரு குறி. ரெண்டையும் சேர்த்தா கிழக்கு மேற்கு, காலைக் குறி மேற்கு. அதுக்குச் செங்குத்தா வடக்கு தெற்கு. மேகம் கெடுத்துடும், அதனால வேற வேற நேரத்துல ரெண்டு மூணு வட்டம் போட்டு வை

விஷ்ணு: செட்டிங்ஸ்ல "உண்மை வடக்கு"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கே

ராமு அண்ணன்: அதை ஆஃப் பண்ணிட்டு அளக்கணும். இரும்பு கேட் பக்கத்துல நின்னும் அளக்காத

விஷ்ணு: சரி பாக்கலாம்

மீனா: "பாக்கலாம்" வந்துடுச்சு!! நித்யா நீச்சல் கேக்குறா, அதையும் முடிவு பண்ணுங்க

கோமதி அக்கா: தண்ணின்னா யாராவது பெரியவங்க கூட இருந்தா மட்டும்தான்

ராமு அண்ணன்: கூட இருந்தா பத்தாது அக்கா, கை எட்டுற தூரத்துல இருக்கணும். முங்குற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, மூச்சுக்கே இடமில்லாதப்ப சத்தம் எங்க வரும். காத்தடிச்ச கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்தான், அதை நம்பி விடக்கூடாது

செந்தில்: நான் கூட்டிட்டுப் போறேன்

பிரியா: போனைக் கீழ வச்சுட்டா?

ராமு அண்ணன்: [குரல் பதிவு 4:52]

மீனா: யாராவது கேட்டுட்டு சுருக்கமா சொல்லுங்க

பிரியா: தூங்குற நேரமாவது என் டைம்டேபிள்படி இருக்கட்டும் அண்ணி

ராமு அண்ணன்: அது நியாயம். 6 முதல் 12 வயசுக்கு 9 லிருந்து 12 மணி நேரம் தூக்கம் வேணும். ஸ்கூல் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, தினமும் கால் மணி நேரம் முன்னாடி எழுப்பிக்கிட்டே வாங்க

விஷ்ணு: எனக்கு 13

ராமு அண்ணன்: 8 லிருந்து 10. படு

செந்தில்: அக்கா, திங்கள் இல்லாம செவ்வாய்னா பரவாயில்லையா

கோமதி அக்கா: திங்கள்னு சொன்னதே நீதானேடா

மீனா: எனக்கும் செவ்வாய்தான் வசதி

கோமதி அக்கா: ஸ்பேனருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல